பழைய வண்டியும் பற்று வரவும்

அரபு மொழியில் ‘ஸியானத்’ என்றொரு சொல் உண்டு. காத்தல், பேணுதல், கேடு வாராமல் வைத்திருத்தல் என்பன அதன் பொருள்கள். மானத்தைக் காப்பதற்கும் அச்சொல் வரும். ஆடைகளை மடித்து வைக்கும் பெட்டிக்கும் அதே வேரிலிருந்து பிறந்த பெயருண்டு. இன்று அரபு நாடுகளில் வாகனம் பழுது பார்க்கும் பட்டறைகளின் முகப்பிலும் அந்தச் சொல்லே எழுதப்பட்டிருக்கிறது. தமிழில் நாம் ‘பேணுதல்’ என்கிறோம். விரும்புதலும் காத்தலும் அந்த ஒரு சொல்லுக்குள் அடங்கிக் கிடக்கின்றன. பெற்றோரைப் பேணுகிறோம், உடலைப் பேணுகிறோம், விருந்தினரைப் பேணுகிறோம். ஒரு பழைய பிக்கப் வண்டியைப் பேணுவது பற்றி இங்கே சில சொற்கள் எழுதப் புகுந்தோம்.

“இலக்கணமும் உரைநூலும் சொல்லிக் கொடுத்துத் தலை நரைத்தவருக்கு எஞ்சினைப் பற்றி என்ன தெரியும்?” என்று வாசகர் கேட்பது நியாயமே. ஸ்பானரைப் பிடிக்கும் கை நமதன்று. ஆனால் அந்த வண்டியின் வரவு செலவுக் கணக்கை எழுதும் கை நமது. ஒரு பொருளைப் பற்றி அதன் செலவுக் கணக்கு சொல்லும் உண்மையை அதை விற்றவரும் சொல்வதில்லை, ஓட்டுபவரும் சொல்வதில்லை. ஆகவே கணக்கு எழுதியவர் என்ற தகுதியோடு மட்டுமே பேசுகிறோம்.

வண்டி நம் தங்கை வீட்டினுடையது. 2012 ஆம் ஆண்டில் பதிவான, நான்கு சிலிண்டர் டீசல் வண்டி, இரண்டரை லிட்டர் அளவுள்ள எஞ்சின், டர்போ உண்டு, டீசல் பம்போ பழைய இயந்திர முறையைச் சேர்ந்தது. தங்கையின் கணவர் 2017 இல் அதைப் பிறரிடமிருந்து விலைக்கு வாங்கி, பட்டுக்கோட்டை, பேராவூரணி வட்டாரத் தோப்புகளில் தேங்காய் ஏற்றிக் காங்கேயத்து எண்ணெய் ஆலைகளுக்குக் கொண்டு சேர்க்கும் தொழிலைத் தொடங்கினார். மறு ஆண்டு, 2018 நவம்பர் 16 ஆம் நாள், கஜா புயல் வந்தது. ஓர் இரவில் தோப்புகள் சாய்ந்தன. காய் ஏற்ற வேண்டிய வண்டி, அடுத்த ஓராண்டு விழுந்த மரங்களையும் தார்ப்பாய்களையும் ஏற்றியது. நட்ட கன்றுகள் தலையெடுக்கும் முன்பே, 2021 இல், மச்சான் மறைந்தார். தங்கைக்கு மிஞ்சியவை ஒரு மகன், ஒரு மகள், ஒரு வண்டி. வண்டி நின்றால் அடுப்பு நிற்கும். இதுவே நாம் சொல்ல வந்த செய்தியின் அடிப்படை.

2024 ஏப்ரலில் மருமகன் நம்மிடம் வந்தான். அப்போது அவனுக்கு வயது இருபத்து மூன்று. கையில் ஒரு தாள். “மாமா, வண்டியிலே இழுவை பத்தலே. திருச்சி தாண்டினா சூடேறுது. எஞ்சினை எடுத்துக் கட்டணும். பெரிய டர்போ, பெரிய நாசில், சைலன்சர் எல்லாம் மாத்திட்டா நடைக்கு மூவாயிரம் காய் ஏத்தலாம்” என்றான். தாளின் அடியில் 1,40,000 ரூபாய் என்று எழுதியிருந்தது. அதற்கும் கீழே, “இல்லாவிட்டால் புது வண்டி” என்று ஒரு வரி.

தங்கையிடம் இருந்தது 1,20,000 ரூபாய். அவள் அதை நம்மிடம் கொடுத்து வைத்திருந்தாள். “காக்கா, பிள்ளையும் இருக்கான், பொண்ணும் இருக்கா. நீங்க பார்த்து எது சரியோ செய்யுங்க” என்பது மட்டுமே அவள் சொன்ன சொல். அந்தப் பணத்தில் மகளின் கல்லூரிக் கட்டணம் 45,000 ரூபாய் ஜூன் மாதம் கட்டியாக வேண்டும். அமானத்தாகக் கையில் வந்த பணத்தில், தந்தையை இழந்த பெண்ணின் படிப்புக்குரிய பங்கை எடுத்து அண்ணனின் வண்டிக்குள் போடுவது என்ற பேச்சுக்கே இடமில்லை. எனவே வண்டிக்கென்று நிற்பது 75,000 ரூபாய்.

புது வண்டியின் செய்தியை முதலில் முடித்துவிடுவோம். அந்த வகை வண்டிக்கு அப்போது பத்து இலட்சத்தை ஒட்டிய விலை. முன்பணம் போக மீதியைத் தவணைக்கு வாங்க வேண்டும். வட்டிக் கடன் நம் குடும்பத்தில் விலக்கப்பட்டது என்பது ஒருபுறமிருக்க, தொழில் நோக்கிலும் அது நமக்கு ஒத்து வரவில்லை. மாதத் தவணை மழைக் காலத்தையும் பார்க்காது. காய் விலை சரிந்ததையும் பார்க்காது. மற்றொன்றும் உண்டு. 2020 ஏப்ரல் 1 முதல் நாடெங்கும் பாரத் நிலை 6 விதி நடைமுறைக்கு வந்தபின் வரும் வண்டிகளில் புகையைச் சுத்தம் செய்யும் கருவிகளும் மின்னணு உணர்கருவிகளும் நிறைந்துள்ளன. அவை காற்றுக்கு நன்மை செய்பவை, அதில் ஐயமில்லை. ஆனால் நள்ளிரவில் கரூர்ச் சாலையில் நின்றுவிட்டால், அவற்றைத் திறந்து பார்க்கச் சாலையோர மேஸ்திரியால் இயலாது. நம் வண்டியை இயலும். வருமானம் உறுதியாகும் வரை பழையதைப் பேணுவதே வழி என்று முடிவு செய்தோம்.

முடிவு செய்தபின் எங்கே தொடங்குவது? மருமகன் தாளில் எழுதியிருந்தவை மருந்துகள். நோய் எது என்று எவரும் பார்த்திருக்கவில்லை. நம் ஊரில் நாற்பது ஆண்டுகளாக டீசல் வண்டிகளோடு வாழும் மேஸ்திரி ஒருவர் இருக்கிறார். அவரிடம் வண்டியை நிறுத்தி, “எதையும் கழற்ற வேண்டாம், முதலில் சோதித்து மட்டும் சொல்லுங்கள்” என்றோம். அவர் சிரித்து, “ஹஜரத், பாதிப்பேர் கழட்டிப் போட்டுட்டுத்தான் என்ன நோவுன்னு கேக்குறாங்க” என்றார்.

அவர் செய்த சோதனைகளை வாசகர் நன்மைக்காக வரிசைப்படுத்துகிறோம். முதலாவது, புகையின் நிறம். கரும்புகை வந்தால் டீசலுக்கு ஏற்ற காற்று இல்லை, அல்லது டீசல் சரியாகத் தூவப்படவில்லை என்று பொருள். நீலப் புகை எஞ்சின் எண்ணெய் எரிவதைக் காட்டும். வெண்புகை எரியாத டீசலையோ, உள்ளே கசியும் தண்ணீரையோ காட்டும். நம் வண்டி விட்டது கரும்புகை. காலையில் மட்டும் சிறிது நீலம். இரண்டாவது, எஞ்சின் ஓடும்போது எண்ணெய் ஊற்றும் மூடியைத் திறந்து பார்ப்பது. பட்டறை மொழியில் ‘பேக் கம்ப்ரஷன்’ என்பார்கள். பிஸ்டன் வளையங்கள் தேய்ந்திருந்தால் அந்த வாய் வழியே புகை குபுகுபுவென்று தள்ளும். நம் வண்டியில் மெல்லிய புகையே வந்தது. மூன்றாவது, ஒவ்வொரு சிலிண்டரின் அழுத்தத்தையும் கருவி வைத்து அளப்பது. மூன்று சிலிண்டர்கள் 400, 395, 390 என்று காட்டின. நான்காவது 345 மட்டுமே காட்டியது. சிலிண்டர்களுக்கிடையே பத்து விழுக்காட்டுக்கு மேல் வேறுபாடு இருந்தால் கவனிக்க வேண்டும் என்பது பொது வழக்கு. நான்காமவர் நலிந்திருக்கிறார் என்பது தெளிவாயிற்று. நான்காவது, தண்ணீர்ப் பாதை. ரேடியேட்டரின் குழாய்களில் பாதி உப்புப் படிந்து அடைபட்டிருந்தன. கடலோர ஊரின் ஆழ்குழாய்த் தண்ணீரை ஆண்டுக் கணக்கில் ஊற்றியதன் பலன் அது. ‘சூடேறுகிறது’ என்று முன்பே எவரோ தெர்மோஸ்டாட் வால்வையும் கழற்றி எறிந்திருந்தார்கள்.

இந்த வால்வைப் பற்றி ஒரு சொல் கூற வேண்டும். எஞ்சின் ஏறத்தாழ எண்பது பாகை வெப்பத்தை அடையும் வரை தண்ணீரை ரேடியேட்டருக்குள் விடாமல் தடுப்பது அதன் வேலை. அதை எடுத்துவிட்டால் எஞ்சின் குளிர்ச்சியாக இருக்கும் என்று பலர் எண்ணுகிறார்கள். விளைவு வேறு. எஞ்சின் உரிய சூட்டை அடைய நெடுநேரம் ஆகிறது. குளிர்ந்த நிலையில் டீசல் முழுமையாக எரிவதில்லை. எரியாத டீசல் எண்ணெயோடு கலந்து அதை நீர்க்கச் செய்கிறது. சிலிண்டரும் வளையமும் விரைந்து தேய்கின்றன. காய்ச்சலுக்கு அஞ்சி உடலின் இயல்பான வெம்மையையே அணைப்பது போன்றது அது.

தமிழில் ‘பொறி’ என்ற சொல்லுக்குத் தீப்பொறி என்றும் இயந்திரம் என்றும் பொருளுண்டு. டீசல் எஞ்சினோ பொறியில்லாத பொறி. பெட்ரோல் எஞ்சினில் தீப்பொறி வைத்து எரியூட்டுகிறார்கள். டீசலில் அது கிடையாது. காற்றை ஏறத்தாழப் பதினெட்டில் ஒரு பங்காக நெருக்கும்போது அது ஐந்நூறு பாகைக்கு மேல் சூடேறுகிறது. அந்தச் சூட்டில் தூவப்பட்ட எண்ணெய் தானே பற்றிக்கொள்கிறது. ருடால்ஃப் டீசல் என்ற பொறியாளர் ஜெர்மனியின் ஆக்ஸ்பர்க் நகரில் 1897 இல் இதை ஓட்டிக் காட்டினார். 1900 ஆம் ஆண்டு பாரிஸ் கண்காட்சியில் அவருடைய முறையில் அமைந்த எஞ்சின் ஒன்று நிலக்கடலை எண்ணெயிலேயே ஓடியது. அதற்கும் ஏழு நூற்றாண்டுகளுக்கு முன்பு, தியார்பக்கிர் அரசவையில் பணியாற்றிய அல்ஜஸரீ, 1206 இல் முடித்த தம் பொறிநூலில், சுழலும் சக்கரத்தின் அசைவை எதிரெதிரே நகரும் இரு பிஸ்டன்களுக்கு மாற்றித் தண்ணீர் இறைக்கும் இயந்திரத்தை வரைந்து காட்டியிருக்கிறார். பாடம் நடத்தும்போது மாணவர்களிடம் நாம் சொல்வதுண்டு: பிஸ்டன் என்பது நேற்று வந்த விந்தையன்று.

இங்கே கவனிக்க வேண்டியது, டீசலின் உயிர் அழுத்தத்தில் இருக்கிறது என்பதே. அழுத்தம் குறைந்த சிலிண்டரில் மேலும் டீசலைத் தள்ளுவதால் வலிமை பிறப்பதில்லை. புகையும் சூடுமே பிறக்கும். மருமகனின் தாளுக்கு இதுவே முதல் மறுப்பு.

அடுத்து, பணத்தைப் பகிர்ந்தளிக்க ஓர் அளவுகோல் வேண்டியிருந்தது. நம் சட்டநூலாசிரியர்கள் மனிதத் தேவைகளை மூன்றாகப் பிரித்திருக்கிறார்கள். இமாம் கஸ்ஸாலி அவர்கள் தொடங்கிக் கிரானாடா நகரின் அறிஞர் ஷாத்திபீ அவர்கள் வரை அந்தப் பகுப்பு விரிவாகப் பேசப்பட்டு வந்தது. ‘ளரூரிய்யாத்’ என்பவை, இல்லாவிட்டால் வாழ்வே குலையும் இன்றியமையாதவை. ‘ஹாஜிய்யாத்’ என்பவை, இல்லாவிட்டால் இடர்ப்பாடு தருபவை. ‘தஹ்ஸீனிய்யாத்’ என்பவை, வாழ்வுக்கு அழகு சேர்ப்பவை. ஒன்றோடொன்று மோதும்போது முதல் வகைக்கே முதலிடம். எஞ்சினுக்காக எழுந்ததன்று இந்தப் பகுப்பு. ஆயினும் குறைந்த பணத்தை வைத்துக்கொண்டு நிறைந்த ஆசைகளை எதிர்கொள்ளும் எவருக்கும் இதைவிட நல்ல அளவுகோலை நாம் கண்டதில்லை. மருமகனை அருகில் அமர்த்தி, தாளில் மூன்று கட்டங்கள் வரைந்து, எதை எந்தக் கட்டத்தில் வைக்கலாம் என்று அவனையே கேட்டோம்.

முதற் கட்டத்தில் இருந்தவை இவை: ரேடியேட்டரின் உட்பகுதியை மாற்ற 7,500 ரூபாய், தண்ணீர் பம்ப் 3,200, ரப்பர்க் குழாய்கள், பெல்ட், தெர்மோஸ்டாட் 3,800, கூலன்ட் 2,000, முன்பின் பிரேக் வேலைக்குரிய பொருள்கள் 6,500, கூலி 4,000. ஆகக் கூடுதல் 27,000 ரூபாய். பிரேக்கை எஞ்சின் கணக்கில் சேர்த்தது ஏன் என்று மருமகன் கேட்டான். “ஓடுவதற்கு ஒதுக்கும் பணத்தில் நிற்பதற்கும் பங்கு உண்டு” என்றோம்.

இரண்டாம் கட்டத்தில் நான்கு நாசில்களை மாற்றிச் சோதித்தல் 8,000. டீசல் பம்ப் சர்வீஸ் 9,500. எஞ்சின் எண்ணெயும் மூன்று பில்டர்களும் 4,500. வால்வு இடைவெளி சரிசெய்தல், இன்டர்கூலர்க் குழாயின் கசிவை அடைத்தல் 3,000. பின்புற வில்பட்டையில் உடைந்த தகட்டை மாற்றுதல் 3,000. டீசலிலிருந்து தண்ணீரைப் பிரிக்கும் பில்டர் 1,500. ஆகக் கூடுதல் 29,500 ரூபாய்.

மூன்றாம் கட்டத்தில் மருமகன் தானாகவே பெரிய டர்போவையும் சைலன்சரையும் எழுதினான். கூடவே, சூடு மிஞ்சினால் ஒலிக்கும் எச்சரிக்கை மணியும், எண்ணெய் அழுத்தம் காட்டும் மானியும் 3,500 ரூபாய் என்று எழுதினான். மேஸ்திரி எட்டிப் பார்த்து, “தம்பி, அந்த மணி அலங்காரம் இல்லே. முள்ளை நீ எப்பவும் பாத்துக்கிட்டா ஓட்டுறே? பாட்டுக் கேட்டுக்கிட்டுத்தானே ஓட்டுறே?” என்றார். சூடேறிய எஞ்சினை ஐந்து நிமிடம் கவனியாமல் ஓட்டினால் ஹெட் வளையும், கேஸ்கெட் போகும், 3,500 ரூபாய்க்குப் பதில் முப்பதாயிரம் எழுத நேரிடும். மணி முதற் கட்டத்துக்கு ஏறியது. முதற் கட்டம் 30,500; இரண்டாம் கட்டம் 29,500; இரண்டும் சேர்ந்து 60,000 ரூபாய். மீதி 15,000 ரூபாயை வழியில் நேரும் இடருக்கென்று தனியே எடுத்து வைத்தோம். மூன்றாம் கட்டத்துக்கு ஒன்றுமில்லை.

மருமகனின் முகம் வாடியது. இளைஞனின் ஆசையை வெறும் அதட்டலால் அடக்குவது ஆசிரியர்க்கு அழகன்று. காரணம் சொல்ல வேண்டும். சொன்னோம். டர்போ என்பது வெளியேறும் புகையின் விசையால் சுழன்று எஞ்சினுக்குள் காற்றைத் திணிக்கும் விசிறி. சுவிட்சர்லாந்தின் ஆல்ஃபிரட் பூச்சி 1905 இல் உரிமம் பெற்ற கருத்து அது. இவ்வகைச் சிறிய டர்போ நிமிடத்துக்கு ஒரு இலட்சம் சுற்றுகளுக்கு மேல் சுழல்கிறது. அதைத் தாங்குவது மெல்லிய எண்ணெய்ப் படலம் மட்டுமே. பெரிய டர்போ அதிகக் காற்றைக் கொடுக்கும். அதற்கு ஏற்ப அதிக டீசல். அதனால் அதிகச் சூடு. எரிபொருளின் ஆற்றலில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கே சக்கரத்தைச் சுழற்றும் வேலையாகிறது. மற்றது புகையோடும், தண்ணீரின் வழியாகவும் வெப்பமாக வெளியேற வேண்டும். தண்ணீர்ப் பாதை அடைபட்ட எஞ்சினில் வலிமையைக் கூட்டுவது, மடையை அடைத்துவிட்டு ஏரிக்குள் மேலும் வெள்ளத்தைத் திருப்புவதற்கு ஒப்பாகும்.

அவன் விடவில்லை. “சரி மாமா, டர்போ வேணாம். பம்ப்பிலே ஒரு ஸ்க்ரூ இருக்கு. அதைக் கொஞ்சம் திருகினா இழுவை கூடும். காசே ஆகாது” என்றான். உண்மைதான், பழைய இயந்திர முறைப் பம்புகளில் டீசல் அளவைக் கூட்டும் திருகு உண்டு. மேஸ்திரியே பதில் சொன்னார்: “காசு அன்னிக்கு ஆகாது. ஆறு மாசம் கழிச்சு ஆகும்.” காற்று கூடாமல் டீசலை மட்டும் கூட்டினால் கரும்புகையும் புகைவாயுவின் சூடும் ஏறும், பிஸ்டனின் தலை உருகக்கூடும். மாசுச் சோதனையிலும் வண்டி தவறும்.

மூவாயிரம் காய் என்ற கனவும் எஞ்சியிருந்தது. அதற்கு நாம் சிலேட்டைக் கையில் எடுத்தோம். மட்டை உரித்த காய் ஒன்று சராசரி அறுநூறு கிராம் என்று வைத்தால், இரண்டாயிரம் காய் 1,200 கிலோ. வண்டிக்கு அனுமதிக்கப்பட்ட சுமை ஒன்றேகால் டன். மூவாயிரம் காய் என்றால் 1,800 கிலோ. அரை டன்னுக்கு மேல் கூடுதல். 2019 இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டத்தின்படி, அளவு மீறிய சுமைக்கு 20,000 ரூபாய் அபராதம். அதன்மேல் கூடுதலான டன்னுக்கு 2,000 ரூபாய் வீதம் சேரும். கூடுதல் சுமையை இறக்காமல் வண்டி நகரவும் முடியாது. ஒரு முறை பிடிபட்டால் பல நடைகளின் ஆதாயம் போகும். அதே சட்டத்தின் 52 ஆம் பிரிவு, தயாரித்தவர் குறித்த விவரங்களும் பதிவுச் சான்றில் உள்ளவையும் மாறுபடும்படி வண்டியை மாற்றுவதைத் தடுக்கிறது. இவற்றையெல்லாம் விடப் பெரியது ஒன்று. அரை டன் கூடுதலோடு இறங்கும் வண்டியை நிறுத்த வேண்டியது 1,250 கிலோவுக்கென அமைந்த பிரேக். “டர்போவைப் பெரிதாக்கும் கடை இருக்கிறது, பிரேக்கைப் பெரிதாக்கும் கடை எங்கே இருக்கிறது?” என்று கேட்டோம். அவன் சற்று நேரம் பேசாமல் இருந்தான். பிறகு, “அத்தா இருந்தாலும் இதைத்தான் சொல்லியிருப்பாங்க” என்றான்.

பட்டறையில் வேலை ஐந்து நாள் நடந்தது. கடைசி நாள் மருமகன் தன் கைச்செலவுப் பணத்தில் 600 ரூபாய் எடுத்து, ஓவியரை அழைத்து வந்து, முன்கண்ணாடியின் மேல்புறத்தில் தன் தந்தையின் பெயரை எழுதச் செய்தான். மூன்றாம் கட்டத்தில் நிறைவேறியது அது ஒன்றே. நாம் தடுக்கவில்லை. அழகு சேர்ப்பதற்கும் வாழ்வில் இடமுண்டு என்றுதானே அறிஞர்கள் அதற்கொரு கட்டம் ஒதுக்கினார்கள்.

பழுது பார்ப்பதோடு பேணுதல் முடிவதில்லை, அங்கேதான் தொடங்குகிறது. சில விதிகளை எழுதி, வண்டியின் கதவுப் பையில் வைத்தோம். காலையில் சாவி போடும் முன் எண்ணெய்க் கம்பியை எடுத்துப் பார்க்க வேண்டும். ரேடியேட்டரில் குழாய்த் தண்ணீர் ஊற்றலாகாது. கூலன்ட்டும் சுத்திகரித்த தண்ணீரும் கலந்தே ஊற்ற வேண்டும். நெடுஞ்சாலை ஓட்டத்துக்குப்பின் ஒரு நிமிடம் எஞ்சினை நிதானமாக ஓடவிட்டுப் பிறகே அணைக்க வேண்டும்; இல்லையேல் சுழன்றுகொண்டிருக்கும் டர்போவுக்கு எண்ணெய் நின்றுபோகும். பத்தாயிரம் கிலோமீட்டருக்கு ஒரு முறை எண்ணெயும் பில்டரும். எச்சரிக்கை மணி ஒலித்தால் எந்த இடமானாலும் ஓரமாக நிறுத்த வேண்டும்; சூடான மூடியைத் திறக்கலாகாது. நலிந்த நான்காவது சிலிண்டருக்கென்று ஓர் எல்லையும் வகுத்தோம்: ஆயிரம் கிலோமீட்டருக்குள் ஒரு லிட்டர் எண்ணெய் குறையுமானால் அன்றே எஞ்சினை இறக்க வேண்டும், அதுவரை காத்திருக்கலாம்.

எல்லாவற்றிலும் முக்கியமான விதி பணத்தைப் பற்றியது. வண்டி ஓடும் ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் இரண்டு ரூபாயை வாடகையிலிருந்து எடுத்து ஒரு டப்பாவில் போட வேண்டும். அதைத் தொடுவது வண்டிக்காக மட்டுமே. தேய்மானம் என்பது கண்ணுக்குத் தெரியாத செலவு. வண்டி ஒவ்வொரு கல் தொலைவிலும் நம்மிடம் கடன் வாங்கிக்கொண்டே போகிறது. என்றேனும் ஒருநாள் சாலையில் நின்று மொத்தமாகக் கேட்கிறது. அன்றன்றைக் கடனை அன்றன்றே எடுத்து வைத்தவர் அந்த நாளில் பிறரிடம் கை நீட்ட வேண்டியதில்லை.

2025 ஏப்ரல் முடிய ஓராண்டின் கணக்கை எழுதி முடித்தோம். ஓடிய தொலைவு 34,000 கிலோமீட்டர். டப்பாவில் சேர்ந்தது 68,000 ரூபாய். மூன்று முறை எண்ணெய் மாற்றியதற்கு 13,500. இரண்டு டயர்களுக்கு 13,000. ஆக 26,500 போக நின்றது 41,500 ரூபாய். சுமையோடு லிட்டருக்குப் பத்தரை கிலோமீட்டர் ஓடிய வண்டி இப்போது பன்னிரண்டு ஓடுகிறது. அந்த ஒன்றரைக் கிலோமீட்டரின் பொருள், ஆண்டுக்கு ஏறத்தாழ நானூறு லிட்டர் டீசல் மிச்சம் என்பதாகும். லிட்டர் 92 ரூபாய் வீதம் கணக்கிட்டால் முப்பத்தேழாயிரத்துக்கு அருகில் வருகிறது. செலவிட்ட அறுபதாயிரத்தில் பாதிக்கு மேல் எரிபொருளிலேயே திரும்பிவிட்டது. மே மாத வெயிலில் கரூரைக் கடக்கும்போது மணி ஒருமுறையும் ஒலிக்கவில்லை என்று மருமகன் சொன்னான். இழுவை போதவில்லை என்ற குறையும் பாதி தீர்ந்துவிட்டது. அடைபட்ட காற்றும் சீராகத் தூவாத நாசிலும் உண்டாக்கிய தளர்ச்சியை அவன் எஞ்சினின் பிறவிக் குறை என்று எண்ணியிருந்தான்.

இதனால் எல்லாம் சீராகிவிட்டது என்று சொல்ல வரவில்லை. நான்காவது சிலிண்டர் நலிந்தே இருக்கிறது. இரண்டாயிரத்து எழுநூறு கிலோமீட்டருக்கு ஒரு லிட்டர் எண்ணெய் குடிக்கிறது. கடந்த ஆண்டு மூவாயிரத்துக்கு ஒரு லிட்டராக இருந்தது. எஞ்சினை இறக்கி, போர் அடித்து, பிஸ்டன், வளையம், பேரிங் மாற்ற மேஸ்திரி சொல்லும் மதிப்பு 75,000 ரூபாய். எட்டு ஆண்டு கடந்த சரக்கு வண்டிக்கு ஆண்டுதோறும் தகுதிச் சான்று பெற வேண்டும். 2027 இல் வண்டிக்குப் பதினைந்து வயது நிறைகிறது. வயது ஏறினால் சான்றின் கட்டணமும் ஏறும்படி 2022 முதல் விதிகள் அமைந்திருக்கின்றன. அந்த ஆண்டில் எஞ்சினுக்கு 75,000 ரூபாய் செலவிட்டு மேலும் சில ஆண்டுகள் ஓட்டுவதா, அல்லது இதை விற்று டப்பாப் பணத்தையும் சேர்த்து, இன்னும் சற்று இளைய வண்டி ஒன்றை ரொக்கத்துக்கு வாங்குவதா என்ற கேள்வி நம்முன் நிற்கிறது. அதற்கு இன்றே விடை சொல்ல வேண்டியதில்லை. விடை சொல்லும் நாளில் கையில் பணமும், எண்ணெய்க் கணக்கும், அழுத்தச் சோதனையின் எண்களும் இருக்கும். முன்பு இவற்றில் ஒன்றுமில்லாமல் ஓர் ஆசையும் ஒரு தாளும் மட்டுமே இருந்தன.

பழைய வண்டி வைத்துப் பிழைக்கும் குடும்பங்கள் நம்மைச் சுற்றிப் பல உள்ளன. மீன் ஏற்றுவோர், காய்கறி ஏற்றுவோர், கட்டுமானப் பொருள் ஏற்றுவோர் என்று எத்தனையோ பேர். அவர்கள் வீட்டுப் பெரியவர்கள் எஞ்சின் நமக்கு விளங்காது என்று ஒதுங்கிவிடுகிறார்கள். பிள்ளைகளோ நண்பர் சொன்னதையும் கடைக்காரர் சொன்னதையும் கேட்டுப் பணத்தைக் கொட்டுகிறார்கள். பெரியவர்கள் எஞ்சினைக் கற்க வேண்டியதில்லை. சோதித்துப் பார்த்தாயா, எது முதலில், எது பிறகு, எவ்வளவு மிஞ்சும் என்று நான்கு கேள்விகளைக் கேட்டு, விடையை ஒரு நோட்டில் எழுதி வைத்தால் போதும். மருமகளின் கல்லூரிக் கட்டணம் 2024 ஜூன் மாதம் தவணை தவறாமல் கட்டப்பட்டது. அந்த ரசீதும் வண்டிக் கணக்கு நோட்டிலேயே ஒட்டப்பட்டிருக்கிறது. இந்த ஆண்டுக்குரிய கட்டணத்தை மருமகன் வண்டி வாடகையிலிருந்தே கட்டுவதாகச் சொல்லியிருக்கிறான். அதற்கென்று நோட்டில் ஒரு பக்கத்தை அவனே தன் கையால் கோடு போட்டு வைத்திருக்கிறான்.